துத்தநாகக் கலப்புலோக மின்முலாம்

துத்தநாகக் கலப்புலோக மின்முலாம் என்பது எஃகுப் பொருட்களைத் துருவிலிருந்து காப்பதற்காக, துத்தநாகத்தையும் அதனுடன் நிக்கல், கோபால்ட்டு, இரும்பு, வெள்ளீயம் போன்ற மற்றோர் உலோகத்தையும் ஒரே நேரத்தில் மின்னாற்பகுப்பு முறையில் படியச் செய்து உருவாக்கப்படும் மெல்லிய பூச்சு ஆகும். இதன் தடிப்பு பெரும்பாலும் 5 முதல் 12 மைக்ரோமீட்டர் வரை இருக்கும். தானுந்து உறுப்புகள், திருகாணிகள், எரிபொருள் குழாய்கள், வானூர்திப் பாகங்கள் முதலியவற்றில் இது பயன்படுகின்றது. ஒரு பூச்சு எத்தனை காலம் உழைக்கும் என்பதை அதன் தடிப்பு மட்டும் தீர்மானிப்பதில்லை. அதில் எந்த உலோகம் எவ்வளவு கலந்துள்ளது, அணுக்கள் எவ்வாறு அடுக்கப்பட்டுள்ளன என்பனவும் சேர்ந்தே தீர்மானிக்கின்றன.

பின்னணி

இரும்பைத் துத்தநாகத்தால் காக்கலாம் என்பது நெடுநாளாக அறியப்பட்டது. 1824ஆம் ஆண்டில் ஆங்கிலேய வேதியியலாளர் அம்பிரி டேவி, கப்பல்களின் செப்புத் தகடுகளுடன் துத்தநாகம் அல்லது இரும்புத் துண்டுகளை இணைத்தால் செம்பு அரிக்கப்படுவதில்லை என்று காட்டினார். 1837இல் பிரெஞ்சுப் பொறியாளர் சுடானிசுலாசு சோரெல், எஃகை உருகிய துத்தநாகத்தில் முக்கிப் பூசும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். மைக்கேல் பரடே 1830களில் வகுத்த மின்னாற்பகுப்பு விதிகள், உருக்காமலேயே கரைசலிலிருந்து உலோகத்தைப் படிய வைக்கும் தொழிலுக்கு அடிப்படையாயின. பட்டறைகளில் இத்தொழில் 'பிளேட்டிங்' என்றே வழங்கப்படுகின்றது.

நிக்கலும் துத்தநாகமும் சேர்ந்து படிவது பற்றிய ஆய்வுக் கட்டுரை 1907ஆம் ஆண்டிலேயே வெளிவந்தது. எனினும் கலப்புலோகப் பூச்சுகள் பெருமளவில் தொழிலுக்கு வந்தது 1980களில்தான். குளிர்நாடுகளில் பனியை உருக்கச் சாலைகளில் தூவப்படும் உப்பு, தானுந்துகளின் உடற்தகடுகளைச் சில ஆண்டுகளிலேயே துளைத்துவிட்டது. மெல்லிய, ஆனால் நீண்டநாள் உழைக்கும் பூச்சு தேவைப்பட்டதால், சப்பானிய எஃகு ஆலைகள் துத்தநாக-நிக்கல், துத்தநாக-இரும்புப் பூச்சுத் தகடுகளை உற்பத்தி செய்யத் தொடங்கின.

தியாகக் காப்பு

இரு உலோகங்கள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு உப்புநீர் போன்ற ஒரு மின்பகுளியில் இருந்தால், அவற்றுள் எதிர்மறை மின்னழுத்தம் மிகுந்தது நேர்மின்வாயாகி அரிக்கப்படும். மற்றது எதிர்மின்வாயாகிக் காக்கப்படும். துத்தநாகத்தின் நியம மின்வாய் அழுத்தம் −0.76 வோல்ட்டு, இரும்பின் அழுத்தம் −0.44 வோல்ட்டு. எனவே, பூச்சில் கீறல் விழுந்து எஃகு வெளியே தெரிந்தாலும் துத்தநாகமே முதலில் கரைகின்றது. இவ்வாறு ஓர் உலோகம் தன்னை இழந்து மற்றொன்றைக் காப்பது தியாகக் காப்பு எனப்படும்.

நிக்கல் அல்லது குரோமியப் பூச்சுகள் இதற்கு நேர்மாறானவை. அவை எஃகை ஒரு தடுப்புச் சுவரைப் போல மூடி நிற்கின்றன. சுவரில் நுண்துளை ஒன்று இருந்தாலும் அவ்விடத்தில் எஃகு நேர்மின்வாயாகி ஆழமாக அரிக்கப்படும்.

தூய துத்தநாகத்திலும் ஒரு குறை உண்டு. உப்புநீரில் அதற்கும் எஃகுக்கும் இடையே ஏறத்தாழ 0.4 வோல்ட்டு வேறுபாடு இருப்பதால், அது தேவைக்கு மேல் விரைந்து கரைகின்றது. காவலாள் தன் கடமையைச் செய்கிறான். ஆனால் சீக்கிரம் தீர்ந்துபோகிறான். துத்தநாகத்துடன் சிறிதளவு நிக்கல் போன்ற உலோகத்தைச் சேர்த்தால் பூச்சின் மின்னழுத்தம் எஃகின் மின்னழுத்தத்தை நோக்கி நகர்கின்றது. வேறுபாடு குறைவதால் கரையும் வேகமும் குறைகின்றது. ஆனால், அது எஃகைத் தாண்டிச் சென்றுவிடக் கூடாது. தாண்டினால் பூச்சு வெறும் தடுப்புச் சுவராகிவிடும். கீறல் விழுந்த இடத்தில் எஃகைக் காக்காது. கலப்பின் அளவைக் கவனமாகத் தெரிவு செய்யவேண்டியதன் முதற்காரணம் இதுவே.

முரண்பட்ட உடன்படிவு

துத்தநாகத்தையும் நிக்கலையும் ஒரே கரைசலிலிருந்து படிய வைக்கும்போது எதிர்பாராத ஒன்று நிகழ்கின்றது. நிக்கலின் நியம அழுத்தம் −0.26 வோல்ட்டு. வெப்ப இயக்கவியலின்படி, அரை வோல்ட்டு அளவுக்கு நேர்மறையான நிக்கலே எளிதில், முந்திப் படியவேண்டும். ஆனால் பொதுவான பூச்சு நிலைமைகளில் துத்தநாகமே முந்துகின்றது. கரைசலில் இரு உலோக அயனிகளும் ஏறத்தாழச் சமமாக இருந்தாலும், படிவில் துத்தநாகத்தின் பங்கு மிகப் பெரிதாக உள்ளது. அமெரிக்க மின்வேதியியலாளர் ஆப்னர் பிரென்னர், 1963இல் வெளிவந்த தமது நூலில் கலப்புலோகப் படிவுகளை ஐந்து வகைகளாகப் பிரித்தார். அவற்றுள் இவ்வகை முரண்பட்ட உடன்படிவு எனப்படும். இரும்பு, கோபால்ட்டு ஆகியவையும் துத்தநாகத்துடன் இவ்வாறே நடந்துகொள்கின்றன.

இதற்குக் கூறப்படும் விளக்கங்களில் இரண்டு முதன்மையானவை:

1. ஐதராக்சைடுத் தடை: மின்முலாம் பூசும்போது எதிர்மின்வாயில் ஐதரசனும் சிறிது வெளிப்படுகின்றது. அதனால் மின்வாயை ஒட்டிய கரைசலில் காரத்தன்மை உயர்ந்து, துத்தநாக ஐதராக்சைடு ஒரு மெல்லிய படலமாக உருவாகின்றது. அப்படலத்திலிருந்து துத்தநாகம் படிகின்றது. நிக்கல் அயனிகள் மேற்பரப்பை அடைவது தடைப்படுகின்றது.

2. வினைவேகக் காரணம்: நிக்கல், கோபால்ட்டு, இரும்பு ஆகியவற்றின் அயனிகள் மின்னணுக்களை ஏற்று உலோகமாகும் வினை இயல்பாகவே மெதுவானது. துத்தநாகத்தின் வினை விரைவானது. மேலும், நிக்கல் பரப்பின் மேல் துத்தநாகம் தன் இயல்பான அழுத்தத்துக்கு முன்னரே ஓர் அணுத்தடிப்பில் படிந்து, நிக்கலின் தொடர்படிவை மந்தப்படுத்துகின்றது.

இம்முரண்பாடு தொழிலுக்கு நன்மையாகவே அமைந்தது. பெரும்பகுதி துத்தநாகமும் சிறுபகுதி நிக்கலும் கொண்ட பூச்சே தேவை என்பதால், இயற்கை தானாகவே அத்திசையில் ஒத்துழைக்கின்றது எனலாம். மின்னோட்ட அடர்த்தி மிகவும் தாழ்வாக இருந்தால் நிலைமை மாறி, நிக்கல் மிகுந்த இயல்பான படிவு கிடைக்கும்.

பூச்சுக் கரைசல்கள்

துத்தநாகக் கலப்புலோகங்களுக்கு இரு வகைக் கரைசல்கள் பெரிதும் பயன்படுகின்றன.

அமிலக் கரைசல்: இதில் துத்தநாகக் குளோரைடு, நிக்கல் குளோரைடு ஆகியவற்றுடன் மின்கடத்தலுக்காகப் பொட்டாசியம் குளோரைடு அல்லது அமோனியம் குளோரைடு இருக்கும். பிஎச் மதிப்பு 5 முதல் 6 வரை பேணப்படும். மின்னோட்டத்தின் பெரும்பகுதி உலோகத்தைப் படிய வைக்கவே செலவாவதால் பூச்சு விரைவில் வளரும். ஐதரசன் வெளிப்பாடும் குறைவு. வார்ப்பிரும்பின் மேலும் எளிதில் படியும். ஆனால் பொருளின் விளிம்புகளில் தடிப்பாகவும் குழிவுகளில் மெல்லியதாகவும் படியும். இடத்துக்கு இடம் நிக்கல் அளவும் மாறக்கூடும்.

காரக் கரைசல்: இதில் துத்தநாகம் சோடியம் ஐதராக்சைடில் கரைந்து சிங்கேட்டு அயனியாக இருக்கும். நிக்கல் காரத்தில் வீழ்படிவாகிவிடும் என்பதால், அமைன் சேர்மங்களால் அணைத்துக் கரைசலில் நிறுத்தப்படுகின்றது. படிவு மெதுவாக வளரும். எனினும் சிக்கலான வடிவமுள்ள பொருளின் எல்லா இடங்களிலும் தடிப்பும் கலப்பளவும் ஏறத்தாழ ஒரே சீராக இருக்கும். இக்காரணத்தால் வளைந்த குழாய்களுக்கும் மரையுள்ள உறுப்புகளுக்கும் காரக் கரைசல் விரும்பப்படுகின்றது.

எஃகுத் தகடுகளைத் தொடர்ச்சியாக ஓடவிட்டுப் பூசும் ஆலைகளில் சல்பேட்டுக் கரைசல்களும், மிக உயர்ந்த மின்னோட்ட அடர்த்தியும் கையாளப்படுகின்றன.

பூச்சு வளரும் வேகத்தைப் பரடே விதியால் கணிக்கலாம். ஒரு சதுர மீட்டர் பரப்பில் 10 மைக்ரோமீட்டர் தடிப்புள்ள துத்தநாகத்தின் நிறை ஏறத்தாழ 71 கிராம். இதனைப் படிய வைக்க ஏறக்குறைய 2,10,000 கூலோம் மின்னூட்டம் வேண்டும். சதுர தெசிமீட்டருக்கு 2 ஆம்பியர் மின்னோட்டம் செலுத்தினால், முழுத்திறனில் இதற்கு 17 அல்லது 18 நிமிடங்கள் பிடிக்கும். காரக் கரைசலின் திறன் 60% எனக் கொண்டால் அதே பூச்சுக்கு 29 நிமிடங்கள் தேவைப்படும். எஞ்சிய 40% மின்னோட்டம் ஐதரசனை உருவாக்கவே செலவாகின்றது. இந்த ஐதரசன் வெறும் வீண்செலவு மட்டுமன்று என்பது பின்னர் விளக்கப்படும்.

இயைபும் படிகக் கட்டமைப்பும்

தூய துத்தநாகம் அறுகோண நெருங்கடுக்குக் கட்டமைப்பு உடையது. அதன் படிகம் ஓர் அச்சில் சற்று நீண்டிருக்கும். இரு அச்சுகளின் நீள விகிதம் இலட்சிய அடுக்குக்குரிய 1.633 அன்றி 1.856 ஆகும். அறுகோணத்தின் அடித்தளத்தில் அணுக்கள் மிக நெருக்கமாக உள்ளன. அத்தளம் வெளிப்புறம் நோக்கியிருக்கும் பூச்சுகள் பொதுவாக மெதுவாக அரிக்கப்படுகின்றன.

ஒரு கலப்புலோகத்தில் ஒரே வகையான அணு அடுக்கும் பண்புகளும் கொண்ட பகுதி கட்டம் எனப்படும். துத்தநாக-நிக்கல் அமைப்பில் பூச்சுத் தொழிலுக்கு முக்கியமான கட்டங்கள் பின்வருமாறு:

• ஈட்டா கட்டம்: துத்தநாகப் படிகத்தில் மிகச் சிறிதளவு நிக்கல் கரைந்த திண்மக் கரைசல். சமநிலையில் ஒரு விழுக்காட்டுக்கும் குறைவான நிக்கலையே இது ஏற்கும். மின்படிவில் அணுக்கள் சீராக அடுங்குவதற்குப் போதிய நேரம் இல்லாததால் கூடுதலான நிக்கல் சிக்கிக்கொள்ளலாம்.

• டெல்ட்டா கட்டம்: 3 நிக்கல் அணுக்களுக்கு 22 துத்தநாக அணுக்கள் கொண்ட சேர்மம். நிறையில் ஏறத்தாழ 11% நிக்கல்.

• காமா கட்டம்: 5 நிக்கல் அணுக்களுக்கு 21 துத்தநாக அணுக்கள் கொண்ட சேர்மம். இதன் கனசதுர அலகுக்கூட்டில் 52 அணுக்கள் உள்ளன.

• ஆல்பா கட்டம்: நிக்கலில் துத்தநாகம் கரைந்த, நிக்கல் மிகுந்த திண்மக் கரைசல்.

காமா கட்டத்தின் வாய்பாட்டின்படி அதில் நிறையில் 17.6% நிக்கல் இருக்கவேண்டும். எனினும் சில நிக்கல் இடங்களில் துத்தநாக அணுக்கள் அமரக்கூடும் என்பதால், இக்கட்டம் ஒரு வீச்சுக்குள் நிக்கல் குறைவையும் தாங்கும். மின்படிவுகளில் நிக்கல் 10 விழுக்காட்டுக்கும் குறைவாக இருக்கையில் ஈட்டாவும் காமாவும் கலந்து காணப்படுகின்றன. 12 முதல் 15 விழுக்காட்டில் காமா கட்டம் மட்டுமே உள்ளது. மிகச் சிறந்த அரிமானத் தடுப்பு இவ்வீச்சில்தான் கிடைக்கின்றது.

இதன் காரணம் எளிதானது. இரு கட்டங்கள் அருகருகே இருந்தால் அவற்றின் மின்னழுத்தங்கள் வேறுபடும். எனவே பூச்சுக்குள்ளேயே எண்ணற்ற நுண்மின்கலங்கள் தோன்றி, ஈட்டா கட்டம் விரைந்து கரையும். ஒரே கட்டமாக இருந்தால் இவ்வுட்பகை இல்லை.

காமா கட்டம் தூய துத்தநாகத்தைவிடப் பல மடங்கு கடினமானது. அதே வேளையில் நொறுங்கும் தன்மையும் உடையது. ஆகவே பூசிய பின் பெரிதும் வளைக்கப்படும் உறுப்புகளில் வெடிப்புகள் தோன்றலாம்.

பூச்சின் இயைபை ஊடுகதிர் ஒளிர்வு முறையிலும், கட்டங்களை ஊடுகதிர் விளிம்பு விளைவு முறையிலும், மேற்பரப்பின் உருவமைப்பை அலகிடு மின்னணு நுண்ணோக்கியிலும் ஆராய்வர். கரைசலைச் சோதிக்க, 1939 முதல் அறியப்பட்ட அல் கலம் இன்றும் பயன்படுகின்றது. சாய்வாக வைத்த ஒரே தகட்டில் பல மின்னோட்ட அடர்த்திகளின் விளைவையும் இதில் ஒருசேரக் காணலாம்.

முதன்மையான வகைகள்

துத்தநாக-நிக்கல்: 5–10% அல்லது 12–15% நிக்கல் கொண்டது. இவற்றுள் பின்னதே பெரிதும் விரும்பப்படுகின்றது. வெப்பத்துக்கு உட்பட்ட பின்னும் காப்புத்திறனைப் பெரும்பாலும் இழப்பதில்லை என்பதால், இயந்திரத்துக்கு அருகிலுள்ள உறுப்புகளுக்கு ஏற்றது. அலுமினியத்துடன் இணையும் திருகாணிகளுக்கும் பொருந்தும்.

துத்தநாக-கோபால்ட்டு: பொதுவாக ஒரு விழுக்காட்டை ஒட்டிய கோபால்ட்டு கொண்டது. ஈட்டா கட்டமாகவே இருக்கும். கோபால்ட்டு மிகக் குறைவாயினும் அரிமான வேகத்தைக் குறைக்கின்றது.

துத்தநாக-இரும்பு: இரு வகைப்படும். 0.3–1% இரும்பு கொண்டது மலிவானது. வெள்ளி உப்புச் சேர்க்காமலே கருநிறப் பூச்சாக மாற்றக்கூடியது. 10–20% இரும்பு கொண்டது தானுந்துத் தகடுகளுக்கு உரியது. பற்றவைப்புக்கும் வண்ணப்பூச்சுக்கும் ஏற்றது.

வெள்ளீய-துத்தநாகம்: இதில் வெள்ளீயமே 70–80% ஆகும். இவ்விரு உலோகங்களும் சேர்மம் எதனையும் உருவாக்குவதில்லை. தனித்தனி மணிகளாக அருகருகே உள்ளன. மென்மையானது, வளைத்தாலும் வெடிக்காது, ஈயப்பற்று வைக்க எளிதானது.

துத்தநாக-மாங்கனீசு: மாங்கனீசின் நியம அழுத்தம் −1.18 வோல்ட்டு. அது துத்தநாகத்தைவிட எதிர்மறையானது என்றாலும் இக்கலப்புலோகம் நன்கு உழைக்கின்றது. மாங்கனீசு அரிக்கப்படும்போது உருவாகும் சேர்மங்கள் பரப்பை மூடிக் காப்பதே காரணம் எனப்படுகின்றது. கரைசல் நிலையற்றது, மின்திறன் குறைவு ஆகிய காரணங்களால் இது பெரும்பாலும் ஆய்வுக்கூட அளவிலேயே உள்ளது.

பூச்சு அரிக்கப்படும் விதம்

உப்புச் சூழலில் துத்தநாகம் கரையும்போது வெண்ணிறப் படிவு உருவாகின்றது. இது வெண்துரு எனப்படும். துத்தநாக ஆக்சைடு, துத்தநாக ஐதராக்சி குளோரைடு, ஐதராக்சி கார்பனேட்டு ஆகியன இதில் உள்ளன. இவற்றுள் ஐதராக்சி குளோரைடு மின்னைக் கடத்தாத, இறுக்கமான படலமாக அமைந்து, ஆக்சிசன் ஒடுக்க வினையை மந்தப்படுத்துகின்றது. கலப்புலோகங்களில் இப்படலம் நீண்டநேரம் நிலைத்திருக்கின்றது. காப்பற்ற துத்தநாக ஆக்சைடாக மாறுவது தாமதமாகின்றது.

துத்தநாக-நிக்கல் பூச்சில் துத்தநாகமே முதலில் கரைவதால், மேற்பரப்பில் நிக்கல் செறிகின்றது. இது துத்தநாகம் நீங்கல் எனப்படும். இதனால் மின்னழுத்தம் மெல்ல உயர்கின்றது. பரப்பில் நுண்வெடிப்புகளும் தோன்றுகின்றன. அரிமானம் ஒரே புள்ளியில் ஆழமாக இறங்காமல் வெடிப்புகளின் வழியே பரவலாகப் பிரிந்துவிடுகின்றது. இறுதியில் எஃகு வெளிப்பட்டு அரிக்கப்படும்போது தோன்றுவது செந்துரு ஆகும்.

பூச்சுகளை ஒப்பிட உப்புத்தூவல் சோதனை பயன்படுகின்றது. இதில் 35 பாகை செல்சியசில் 5% உப்புக் கரைசல் மூடுபனியாகத் தொடர்ந்து தெளிக்கப்படும். வெண்துருவும் செந்துருவும் தோன்ற எத்தனை மணி நேரம் ஆகின்றது என்பது குறிக்கப்படும். ஒரே தடிப்பில், தூய துத்தநாகம் சில நூறு மணி நேரத்தில் செந்துரு காட்டும்போது, 12–15% நிக்கல் பூச்சு அதைவிடப் பல மடங்கு காலம் தாங்குகின்றது. ஆனால் இம்மணிக்கணக்கை நேரடியாக ஆண்டுக்கணக்காக மாற்ற இயலாது. உண்மையான சூழலில் பொருள் நனைந்தும் காய்ந்தும் மாறிமாறி இருக்கும். காப்புப் படலம் இறுகக் காயும் வேளைகளும் வேண்டும். இக்கலப்புலோகப் பூச்சுகளுக்கு ஐஎஸ்ஓ 15726, ஏஎஸ்டிஎம் பி 840, பி 841, பி 842 ஆகிய தரவரையறைகள் உள்ளன.

ஐதரசன் நொறுமை

மின்முலாம் பூசும்போதும், அதற்கு முன் அமிலத்தில் கழுவும்போதும் உருவாகும் ஐதரசன் அணுக்களில் ஒரு பகுதி எஃகினுள் ஊடுருவுகின்றது. சாதாரண எஃகில் இதனால் பெருந்தீங்கு இல்லை. ஆனால் உயர்வலிமை எஃகாலான திருகாணியை இறுக்கிய பின், அது சில மணி நேரம் கழித்தோ சில நாட்கள் கழித்தோ எவ்வித முன்னறிகுறியும் இன்றி முறியக்கூடும். இது ஐதரசன் நொறுமை எனப்படும். துருவிலிருந்து காக்கப் பூசிய பூச்சே உறுப்பின் முறிவுக்குக் காரணமாவது இங்குள்ள இடர். இதனைத் தவிர்க்க, பூசிய சில மணி நேரத்துக்குள் உறுப்புகளை 190–220 பாகை செல்சியசில் பல மணி நேரம் சூடேற்றி ஐதரசனை வெளியேற்றுவர். நுண்வெடிப்புகள் கொண்ட துத்தநாக-நிக்கல் பூச்சினூடே ஐதரசன் வெளியேறுவது, அடர்ந்த துத்தநாகப் பூச்சினூடே வெளியேறுவதைக் காட்டிலும் எளிதாக உள்ளது.

நச்சுத்தன்மையும் மாற்றுகளும்

வானூர்தி, போர்க்கருவி உறுப்புகளில் நெடுங்காலம் காட்மியப் பூச்சே பயன்பட்டது. அது கடல்சூழலைத் தாங்கும், வழுவழுப்பானது. ஆனால் காட்மியம் கடும் நஞ்சு. சப்பானின் தொயாமா மாகாணத்தில் சுரங்கக் கழிவால் ஆற்றில் கலந்த காட்மியம், நெல்வயல்களின் வழியே மக்களின் உடலில் சேர்ந்து எலும்புகளை நொறுங்கச் செய்தது. 'இத்தாய்-இத்தாய்' என்னும் அந்நோய்க்குக் காட்மியமே காரணம் என்று 1968இல் சப்பானிய அரசு ஏற்றுக்கொண்டது. காட்மியப் பூச்சுக்கு மாற்றாகத் தெரிவு செய்யப்படுபவற்றுள் துத்தநாக-நிக்கலும் வெள்ளீய-துத்தநாகமும் முதன்மையானவை.

பூச்சின் மேல் இடப்படும் முடிவுப் படலத்திலும் இதே போன்ற மாற்றம் நிகழ்ந்தது. மஞ்சள் நிறப் படலத்துக்குப் பயன்பட்ட ஆறிணைதிறக் குரோமியம் புற்றுநோயூக்கி ஆகும். ஐரோப்பிய ஒன்றியத்தில், பயன்பாடு முடிந்த வாகனங்கள் பற்றிய 2000ஆம் ஆண்டு ஆணையின் கீழ், 2007 முதல் தானுந்துகளின் அரிமானக் காப்புப் பூச்சுகளிலிருந்து அது விலக்கப்படலாயிற்று. அதன் இடத்தில் மூவிணைதிறக் குரோமியப் படலங்கள் வந்தன. பழைய படலத்தில் கீறல் விழுந்தால் கரையும் குரோமேட்டு அங்கு பரவி ஆற்றும். மூவிணைதிறப் படலத்துக்கு அத்திறன் குறைவு. ஆகவே அடியிலுள்ள உலோகப் பூச்சே கூடுதலாக உழைக்கவேண்டியதாயிற்று. கலப்புலோகப் பூச்சுகளின் தேவை பெருகியதற்கு இதுவும் ஒரு காரணம்.

எனினும் துத்தநாக-நிக்கல் தீங்கற்றது என்று கொள்ளலாகாது. நிக்கல் சேர்மங்களும் புற்றுநோயூக்கிகளே. தோல் ஒவ்வாமையையும் உண்டாக்குகின்றன. காரக் கரைசலில் உள்ள அமைன்கள் நிக்கலை இறுகப் பற்றிக்கொள்வதால், கழிவுநீரிலிருந்து அதனைப் பிரிப்பது கடினம். நேர்மின்வாயில் அமைன்கள் சிதைந்து சயனைடு சிறிதளவு உருவாவதும் உண்டு. எனவே காற்றோட்டம், கையுறை, கழிவுநீர்த் தூய்மிப்பு ஆகியன பட்டறைக்கு இன்றியமையாதவை.

ஆய்வுகள்

மின்னோட்டத்தை விட்டுவிட்டுச் செலுத்தி நுண்மணிப் படிவுகளைப் பெறுதல், மின்னோட்டத்தை மாற்றிமாற்றித் துத்தநாகமும் கலப்புலோகமும் அடுக்கடுக்காக அமைந்த பூச்சுகளை உருவாக்குதல், சிலிக்கா அல்லது அலுமினா நுண்துகள்களைப் பூச்சினுள் சேர்த்தல் ஆகிய துறைகளில் ஆய்வுகள் நடைபெறுகின்றன. தமிழ்நாட்டில், காரைக்குடியில் 1948இல் அடிக்கல் நாட்டப்பட்டு 1953இல் திறக்கப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆய்வகம், மின்முலாம், அரிமானம் ஆகிய இரு துறைகளிலும் ஆய்வு செய்யும் நிறுவனமாகும்.

இவற்றையும் பார்க்கவும்

• அரிமானம்
• மின்முலாம் பூசல்
• நாகமுலாம்
• பரடேயின் மின்னாற்பகுப்பு விதிகள்
• துத்தநாகம்
• காட்மியம்